எதிர்பாராச் செலவினம்

சேப்பாக்கம், மூன்றாவது மாடி.
என் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை,
பழைய அரசாணையை மடித்து
முட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.
வங்கியிலிருந்து வந்த கணக்கு பத்தொன்பது பக்கம்.
பின்னாலிருந்து முன்னால் ஓடும்,
முதல் பக்கம் அக்டோபர்,
டிசம்பருக்குப் போக இன்னும் நேரமிருக்கிறது.

அட்டையை நான் பார்த்ததில்லை.
நீல நிறம் என்றார்கள்.
வெள்ளம் வந்தால்
கோப்பு நகரும்வரை காத்திருக்க வேண்டாமென்று
மண்டலத்துக்கு ஒன்று கொடுத்தது:
ரொட்டி, மெழுகுவர்த்தி, பால்பவுடர்,
மோட்டாருக்கு டீசல்.

தண்ணீர் நின்றது மூன்று நாள்.
அட்டை பதினோரு மாதம் வேலை செய்திருக்கிறது.

ஆகஸ்டில் ஒரு ஃபிரிட்ஜ். தலைப்பு: மருந்துப் பாதுகாப்பு.
ஜூன் முழுக்கப் பிரியாணி. தலைப்பு: உணவுப் பொட்டலம்.
அது பொய்யில்லை,
பொட்டலமாகத்தான் வந்திருக்கும்.
ஜனவரி பதின்மூன்று, பாண்டி பஜார்,
பட்டுப் பாவாடை, அளவு இருபத்தாறு,
தலைப்பு: தார்ப்பாய்.
இடையில் எங்கோ தலைமுடிச் சாயம், நூற்று எண்பது ரூபாய்.
அதற்கு மட்டும் தலைப்பே இல்லை.
வெட்கம் எங்கே போய் மிஞ்சுகிறது பாருங்கள்.

கொல்லையில் தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு ஜீப்,
நான்கு டயரும் மண்ணோடு மண்ணாக.
பானெட்டுக்குள் பூனை குட்டி போட்டிருக்கிறது.
செவ்வாய்தோறும் இருபது லிட்டர் குடிக்கிறது
ஜீப்.

மூன்று மணிக்குக் கண்காணிப்பாளர் வந்தார்.
பெயர் அறிவுடைநம்பி,
அப்பா இயக்கத்துக்காரராம், ஆசையாய் வைத்தது.
டீயை என் பக்கம் நகர்த்திவிட்டு
"தேனெடுத்தவன் புறங்கையை நக்கமாட்டானா மேடம்" என்றார்.
"படிவத்தில் புறங்கைக்குக் கட்டம் இல்லை சார்" என்றேன்.
சிரித்தார்.
நானும் சிரித்தேன், அது ஒரு பழக்கம்.

பத்தொன்பதாம் பக்கம்.
டிசம்பர் நான்கு, இரவு 11.52.
வேளச்சேரி பங்க், டீசல் அறுபது லிட்டர்,
பயன்பாடு: மூன்றாம் எண் மோட்டார்.
பக்கத்தில் என் தெருவின் பெயர்,
எழுத்துப்பிழையோடு.

அந்த மோட்டாரை எனக்குத் தெரியும்.
பதினொன்றரைக்கு இருமி இருமி நின்றது.
இடுப்பளவுத் தண்ணீரில் டார்ச்சைத் தூக்கிப் பிடித்து
முனிரத்தினம் கத்தினான்,
"டீசல் தீந்துபோச்சுக்கா, சொல்லியாச்சு, வந்துரும்."
கட்டிலைச் செங்கல்மேல் ஏற்றினோம்,
சிலிண்டரைக் கட்டில்மேல்,
சான்றிதழ்களைக் குக்கருக்குள் வைத்து மூடினோம்.
விடியும்வரை சொல்லிக்கொண்டே இருந்தான், வந்துரும்.
கீழ்வீட்டு ரெஜினாவின் ஐந்து தையல் மெஷின்களும்
காலையில் சேற்றைத் தைத்துக்கொண்டிருந்தன.
இப்போது ரெஜினா பல்லாவரத்தில்
வேறு யாரோ ஒருவரின் மெஷினில் உட்கார்கிறாள்.

அந்த அறுபது லிட்டர்
கல்யாண மண்டபத்து ஜெனரேட்டரில் எரிந்ததா,
யாரோ ஒருவரின் லிஃப்டை ஏழாம் மாடிக்கு ஏற்றியதா,
ஒரு சொட்டும் ஊற்றாமல்
பங்க்காரன் எண்ணிக்கொடுத்த ரொக்கமா,
தாளில் இல்லை.
தணிக்கை செய்பவர் கண்ணால் கண்டதற்கும்
தாளில் இடமில்லை.

எழுதினேன்.
தடை எண் பதினேழு.
மேற்படி நாளில் கொள்முதல் செய்த டீசலுக்கு
இயந்திரப் பதிவேடு முன்னிலைப்படுத்தப்படவில்லை.
மோட்டார் ஓடவில்லை, நான் அங்கே இருந்தேன்.
கடைசி வரியை அடித்தேன்.
உரிய விளக்கம் பெற்று அனுப்பவும்.
அடித்தது தெரிகிறது,
வேறு தாள் எடுத்தேன்.

கிளம்பும்போது கேட்டேன், டீ எவ்வளவு?
"ஐயோ மேடம், பன்னிரண்டு ரூபாய், அதுக்குப் போயி."
நான்கு நாள், நாளுக்கு இரண்டு,
எட்டு டீ குடித்திருக்கிறேன்.
நூறு ரூபாய்த் தாளை
எச்சில் குவளைக்கடியில் செருகிவிட்டு வந்தேன்.

பறக்கும் ரயிலில் வேளச்சேரிவரை
அந்த மீதி நாலு ரூபாய்
எந்தத் தலைப்பில் போகுமென்றே
யோசித்துக்கொண்டு போனேன்.