எட்டு வினாடி

பர்காவில் காலை ஆறரைக்கெல்லாம்
ஏழாம் கொட்டகையின் கூரை ஓட்டை வழியே
வெயில் ஒரு பலகையாக இறங்கி நிற்கும்.
வந்த புதிதில் அதில் சாயலாம் போலிருந்தது.
வெயிலில்லை அது. தூசு.
இறகுத் துணுக்கு, தீவனப் பொடி, காய்ந்த எச்சம்,
இருபத்திரண்டாயிரம் கோழிகள்
இரவெல்லாம் சிறகை உதறிக் கிளப்பியது.

ரெஜினா போனில் கேட்பாள்:
அங்கே என்ன இரைச்சல்?
ஃபேன், என்பேன்.
ஃபேனுக்கு ஏன் மூச்சு வாங்குது?

இப்போது குழாய் போட்டிருக்கிறார்கள்,
கோழி எடை கூடுமாம்.
கால் மணிக்கு ஒருமுறை எட்டு வினாடி பனித்தூவல்.
ஒன்பதுக்குப் போனால் தரையின் மரத்தூள் ஊறி
நெடி கண்ணைக் கரிக்கும்.
ஏழில் நின்றால் பாதித் தூசு அந்தரத்திலேயே.
சொல்லிவிட்டு மஸ்கட் போய்விட்டார் இன்ஜினியர்.
எட்டைக் காப்பது என் பாடு.

இங்கே கிணற்றுத் தண்ணீருக்குக் கடல் தூரத்துச் சொந்தம்.
நாசில் நுனியெல்லாம் உப்புப் பூக்கிறது.
முந்நூற்றுப் பத்தையும் கழற்றி
வினிகர் வாளியில் ஊறப்போட்டு
பல் பிரஷ்ஷால் தேய்க்கிறேன்.
உன் பல்லே இவ்வளவு பளிச்சென்று இல்லை
என்கிறான் டில் பகதூர்.
சிரித்தால் அவனுக்கு இருமல்.
அவன் இருமினால் எனக்கு.

மோட்டார் உறுமுகிறது.
ஒன்று, இரண்டு…
கோழிகள் கழுத்தை உயர்த்தி ஒரு கணம் வாயடைக்கின்றன.
தூசு நனைகிறது, கனக்கிறது,
வந்த இடத்திலேயே போய் உட்காருகிறது.
பலகை மேலிருந்து கீழாகக் கரைந்து
எட்டில்
தரையில் ஒரு ரியால் காசளவு வெயில்,
கூரையில் ஓட்டை,
நடுவில் ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லாததை
நெஞ்சு கொள்ளுமட்டும் இழுத்துக்கொள்கிறேன்.

பதிவேட்டில் கட்டங்கள்:
செத்தவை, தீவனம், சூடு, ஈரப்பதம்.
கடைசியில் யாரும் தொடாத 'குறிப்பு'.
தெரிந்த அரபியில் அதில் எழுதிவைத்தேன்:
இருமல். நேற்று பதினொன்று, இன்று மூன்று.

சூடான்காரர் இத்ரீஸ், எங்கள் சூப்பர்வைசர்,
விரலை அங்கேயே வைத்துக் கேட்டார்:
எந்த வரிசைக் கோழி?
நடைபாதையில் நிற்கிறது சார். இரண்டு.

என்னைப் பார்த்தார், டில் பகதூரைப் பார்த்தார்.
ஏதோ திட்டத்தான் வாயெடுத்தார்,
தொண்டை கமறியது.
முஷ்டியால் வாயைப் பொத்தி
ஓய்ந்ததும்
பேனாவை வாங்கி
மூன்றை அடித்து நான்கு என்று திருத்தினார்.