களத்தில் நெல் இருந்தது

நோட்டின் முதல் பக்கத்தில்
'வரவு' என்று எழுதிக் கோடு போட்டிருந்தேன்.
கோடு நேராகத்தான் இருந்தது.

புதுவயல். மாசி, மூன்றாவது சனிக்கிழமை.
அரிசி ஆலையின் நெல் காயும் களம்,
ஒரு ராத்திரிக்கு, வாடகை இல்லை.
அடைக்கப்பன் வாய்வார்த்தையாகச் சொன்னது.
அந்த வாய்வார்த்தை மேல்
ஆறு கச்சேரிகளை ஏற்றி வைத்தேன்.

வியாழன் இரவு மைக்செட் சேவுகன் பேசினான்:
"அக்கா, தேவகோட்டையில மந்திரி கூட்டம்.
பெரிய பாக்ஸெல்லாம் அங்க போகுது.
பழைய குழாய் ரெண்டு கிடக்கு, தரவா?"
தா என்றேன்.

வெள்ளிக்கிழமை ஸ்டேஷனில்
மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் எஸ்.ஐ.
"என்ன பாட்டு?"
ஒருத்தர் நாயனம். பாலிடெக்னிக் பையன்கள் மூணு பேர் கித்தார்.
பிரான்மலைப் பக்கத்துப் பெண்கள் ஒப்பாரி.
"யார் செத்தது?"
"யாரும் இல்லை சார்."
"அப்பறம் எதுக்கு ஒப்பாரி?"
அதற்குப் பதில் எழுத
மனுவில் இடம் விட்டிருக்கவில்லை.
முத்திரை விழுந்தது, இரவு பத்து மணி வரைக்கும்.

சனிக்கிழமை விடிந்து போய்ப் பார்த்தால்
களத்தைக் காணோம்.
விளிம்பிலிருந்து விளிம்புக்கு
அவித்த நெல், ஆவியோடு.
மூணு நாளாக மூடாக்கு. டிரையர் ரிப்பேர்.
அடைக்கப்பன் என் செருப்பைப் பார்த்துப் பேசினார்:
"இருநூறு மூட்டை தாயி. நான் எங்க கொண்டு போய்க் கொட்ட?"
திட்டுவதற்காக வாயைத் திறந்தேன்,
புழுங்கல் வாசம் உள்ளே போனது.
காலையில் நான் சாப்பிட்டிருக்கவில்லை.

நாலு மணிக்கு வந்தவர்களுக்கு
நாற்காலி காட்டவில்லை, பலகையைக் கொடுத்தேன்.
களத்து மேஸ்திரி பஞ்சவர்ணம்
கித்தார்ப் பையனின் முதுகில் ஒன்று வைத்து
"குனிஞ்சு தள்ளு, கொஞ்சாதே" என்றாள்.
ஆறரைக்குப் பதினோரு குவியல்.
நடுவே எங்களுக்குக் கொஞ்சம் சிமெண்டுத் தரை,
இன்னும் சூடாக.

நாயனம் அழகுமலை
பூர்விகல்யாணியைத் தொட்டு, தொட்ட இடத்திலேயே நின்று
மெல்ல இறங்கிக்கொண்டிருந்தபோது
என் நோட்டின் மேல் ஒரு சொட்டு.
மாசியில் மழையா என்று
அண்ணாந்து கேட்பதற்குள் இன்னும் நாலு.
ஆலையின் தார்ப்பாய் எட்டுக் குவியலுக்குத்தான் எட்டியது.
மீதி மூணு.
மேடைக்கு மேலே எங்கள் பச்சைத் தார்ப்பாய்,
நாலாயிரம் ரூபாய், முன்பணம் தீர்ந்தது.
யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை,
அதுதான் கஷ்டமாக இருந்தது.
"அவுத்துருங்க" என்று நான் சொல்லி முடிக்கையில்
பஞ்சவர்ணம் இரண்டாவது முடிச்சில் இருந்தாள்.

குழாய்கள் சாக்குக்குள் போயின. ஜெனரேட்டர் அணைந்தது.
காற்று பாயைக் கிளப்பியது.
வந்திருந்த நாற்பத்து மூணு பேரும்
ஓரத்து மடிப்புகளில் ஏறி உட்கார்ந்தார்கள்,
கல்லுக்குப் பதிலாக,
டிக்கெட் வாங்கியவர்கள், வாங்காதவர்கள்,
குடை பிடித்த ஒரு வங்கி மேனேஜர்.
ஒப்பாரிக்காரிகள் குவியலைச் சுற்றி நடந்தபடி
மைக் இல்லாமல் எடுத்தார்கள்.
நனைந்த இருட்டில் அந்தக் குரல்கள்
எந்தப் பக்கத்திலிருந்து வருகின்றன என்றே தெரியவில்லை.
யாருக்காக என்று ஒருத்தியைக் கேட்டேன்.
"டிரையருக்கு" என்றாள்.
பாய் குலுங்கியது, அத்தனை பேரும் சிரித்ததில்.

பத்து மணிக்கு பைக்கில் வந்த ஏட்டு
டார்ச் அடித்துப் பார்த்தார்.
"விழா எங்க?"
உட்கார்ந்திருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.
ஒரு மூலைக்கு ஆள் குறைவாகத்தான் இருந்தது.
பத்தே முக்கால் வரை அங்கேயே இருந்தார்.

செலவு, கடைசிப் பக்கம்.
துண்டு விழுந்தது ஒன்பதாயிரத்து நானூறு.
கித்தார் கம்பி இரண்டு.
அழகுமலையின் சீவாளி ஒன்று:
அவசரத்தில் உருவிப் போட்டது, நெல்லோடு போய்விட்டது.
அடைக்கப்பனிடம் கேட்டேன்.
கல் பொறுக்கும் மெஷின்
அதைக் கல் என்றுதான் எடுத்திருக்கும் என்றார்.
எடுக்காமலும் விட்டிருக்கலாம்.
மூட்டைகள் ஈரோட்டுக்குப் போயின.