கரி

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே என் கடை.
பத்துக்கு எட்டு.
கூத்தாநல்லூரில் நகல் எடுக்க வருகிறவர்கள்
பாஸ்போர்ட்டை நீட்டுவார்கள், பட்டாவை நீட்டுவார்கள்.
பசரியா டீச்சர்
கும்மட்டங்களை நீட்டுவார்.

முழுப்பெயர் ரபியத்துல் பசரியா.
திருவாரூரில் சிவில் பாடம் நடத்திவிட்டு
ஐந்தே கால் பஸ்ஸில் இறங்கி நேரே என்னிடம்.
"உள்ளே இருட்டாக்கிடாதீங்க சிங்காரம்,
ஜன்னல் முப்பத்திரண்டும் தெரியணும்."
எண்ணுவார்.
முப்பத்தொன்று என்றால் திரும்ப எடுக்க வேண்டும்.
காசு இரண்டுக்கும் தருவார்.

பள்ளிவாசல் கணக்குப் பார்க்க ஆளைக் காணோம்,
இது துருக்கிப் பள்ளிக்குக் கணக்கு எழுதுது
என்றது ஊர்.
கோலாலம்பூரிலிருந்து மாமா மகன் கேட்டாராம்,
அதுல என்ன வருது மாசம்?

அரபு எழுத்தில் தமிழ் எழுதிய
பழைய மளிகைக் கணக்குகளைப் படித்த கண்ணுக்கு
அரபு எழுத்தில் துருக்கி
அவ்வளவு அந்நியமில்லையாம்.
ராத்திரிகளில் படித்தார். ஒன்பது வருஷம்.

இஸ்தான்புல் போனது ஒரே தடவை.
பதினொரு நாள், அதில் நாலு நாள் மழை.
திரும்பி வந்தவரிடம் தெருவே கேட்டது,
ஸம்ஸம் தண்ணி எங்கே?

ஒரு சாயங்காலம் டோனர் மாற்றிக்கொண்டிருந்தேன்.
என் விரலைப் பார்த்துச் சொன்னார்:
"சுலைமானியாப் பள்ளியில
அந்தக் காலத்துல எண்ணெய் விளக்குத்தான்.
அந்தப் புகை சுவத்துல படியாம
காத்தே கூட்டிக்கிட்டுப் போய்
வாசலுக்கு மேல ஒரு ரூம்ல சேர்க்குமாம்.
அந்தக் கரியைச் சுரண்டி மை.
அந்த மையில குர்ஆன், அரசாணை எல்லாம்."

விரலைத் துடைக்க மறந்து நின்றேன்.

"நல்ல கதை" என்றார்.
"நான் தேடினவரைக்கும் காகிதம் ஒண்ணும் கிடைக்கலை.
செலவுக் கணக்குல ஆணிக்கு எழுதியிருக்கான்,
கழுதைத் தீவனத்துக்கு எழுதியிருக்கான்,
கரிக்கு எழுதலை."

எனக்குச் சுருக்கென்றது.
இல்லை என்று சொல்லவா
இத்தனை வருஷம் இத்தனை தாள்?

பிறகு கஜா வந்தது.
கரண்ட் போய்ப் பதினெட்டு நாள்.
மிஷினுக்குத் தார்ப்பாய் போர்த்தி,
திருட்டுப் பயத்தில்
சிமினி விளக்கோடு கடையிலேயே படுத்தேன்.

நாலாம் ராத்திரி அண்ணாந்தேன்.
புகை நேரே ஏறவில்லை.
கூரையை ஒட்டிச் சாய்ந்து, தயங்கி, நகர்ந்து
ஷட்டருக்கு மேலே
வெண்டிலேட்டர் மூலையில்
கறுப்பாய் ஓர் உள்ளங்கை.

விழுந்த தென்னைகளைத் தாண்டி
சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.
டீச்சர் டார்ச்சும் டேப்புமாக வந்தார்.
ஐம்பத்தாறு வயதில் ஸ்டூல்மேல் ஏறினார்.
பிடிங்க. நீளம். அகலம். விளக்கிலிருந்து தூரம்.
ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி
அது எங்கே போகிறதென்று பார்த்தார்.
மறுபடி ஒன்று. கதவைப் பாதி மூடி மறுபடி.
என் பில் புத்தகத்தின் பின்பக்கமெல்லாம் அம்புக்குறி.
வெளியே
நூறு மரம் போனவன் ஒருவன்
யாரிடமோ போனில் உரக்க எண்ணிக்கொண்டிருந்தான்.
உள்ளே நாங்கள் புகையை அளந்தோம்.

"அப்போ நிஜம்தானே டீச்சர்?"

"உங்க கடையில நிஜம்."

இறங்கி, விரல்நுனிக் கரியைத்
தாளில் இழுத்துப் பார்த்தார்.
மங்கலாக ஒரு கோடு.
"பிசின் கலக்கணும்" என்றார்.

அடுத்த வருஷக் கட்டுரையில்
பதினேழாம் அடிக்குறிப்பு என் கடை.
பத்துக்கு எட்டு, உயரம் ஒன்பது,
ஒரு விளக்கு, நாலு இரவு.
இதைக் கொண்டு எதையும் நிறுவ இயலாது
என்று முடித்திருக்கிறார்.

அந்தப் பக்கத்துக்கு மட்டும்
நான் காசு வாங்கவில்லை.
இரண்டு எடுத்தேன்.
ஒன்று லேமினேஷன் போட்டு
வெண்டிலேட்டருக்குக் கீழே மாட்டியிருக்கிறேன்.
இந்தத் தீபாவளிக்கும் வெள்ளையடிக்கவில்லை.