மூன்றாம் சீர்

ஆடி நூறு. எண்பத்தெட்டில் ஜெர்மனியில் பிறந்து
கைமாறிக் கைமாறி
நாரினில் என்னிடம் வந்து சேர்ந்த கிழம்.
ஐந்து சிலிண்டர். உடம்பு நன்றாயிருந்தால்
நெடிலடி போல ஒரே மூச்சில் ஐந்து சீர்.
இப்போதோ மூன்றாம் சீர் விழவேண்டிய இடத்தில்
ஒரு விக்கல்.
சந்தை முனையில் நிறுத்தினால்
பேருக்கேற்ப ஆடுகிறது.

அட்-பாஷிக்கு நாளுக்கு இரண்டு நடை.
நான்கு பேர், ஒரு மாவு மூட்டை, சில நாள் ஒரு செம்மறி.
கிசில்-பெல் ஏற்றத்தில், இரண்டாம் கியரில்,
எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள்
தாங்களே தள்ளுவது போல.
வெள்ளிதோறும் வரும் பெர்மெத் மட்டும் குறை சொன்னதில்லை.
அவள் கைக்குழந்தைக்கு இந்தக் குலுக்கல்தான் தூக்கம்.

மெக்கானிக்கின் பெயர் தொக்தோசுன்.
நிற்கட்டும் என்று பொருள்.
பிள்ளை தங்காத வீட்டில் வைக்கிற பெயர்;
வண்டி பார்க்கிறவனுக்கு வாய்த்திருக்க வேண்டாம்.
இஞ்சினை ஓடவிட்டு
ரப்பர் கையுறையோடு ஒயர்களை ஒவ்வொன்றாய் உருவினான்.
முதலாவதை உருவ, தள்ளாடியது.
இரண்டாவதை உருவ, இருமியது.
மூன்றாவதை உருவ
ஒன்றும் ஆகவில்லை.
"எதை எடுத்தால் எதுவும் மாறவில்லையோ
அதுதான் செத்தது" என்றான்.
தெரியும் எனக்கு.
இந்தச் சோதனையை ஒருமுறை
வீட்டிலும் செய்திருக்கிறேன்.

பிளக்குகளை இடம் மாற்றினோம். மூன்றிலேயே நின்றது.
ஒயர்களை மாற்றினோம். மூன்று.
இஞ்செக்டரை மாற்றினோம், கையெல்லாம் பெட்ரோல். மூன்று.
கம்ப்ரஷன் பார்த்தால் ஐந்திலும் பதினொன்று,
ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்கும்
அப்படிச் சமமாய் வாய்க்காது.
"வால்வு ஸ்பிரிங்காக இருக்கும்,
திங்கள்கிழமை ஹெட்டைக் கழற்றிவிடலாம்."
அவன் சொன்ன தொகை இரண்டு குதிரைக்குட்டி விலை.
டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை நாங்கள் பேச்சிலும் எடுக்கவில்லை.
அது புதிது.
செப்டம்பரில் பிஷ்கெக்கில், பெட்டி பிரிக்காமல்,
ரசீதோடு வாங்கியது.

ஞாயிறு இரவு தெருவில் கரண்ட் இல்லை.
கராஜ் பூட்டு பனியில் இறுகிப்போக,
கொதிக்கும் கெட்டிலைக் கொண்டுவந்து ஊற்றித் திறந்தேன்.
பேட்டரி உறையாதிருக்க, கதவை விரியத் திறந்து
வழக்கம்போல் இஞ்சினை ஓடவிட்டு
பானெட்டைத் தூக்கிக்
குளிர்காய்ந்து நின்றேன், கெட்டில் இன்னும் கையில்.
அதன் மூக்கிலிருந்து எழுந்த ஆவி
மூடியின் மேல் படர்ந்தது.

நீலம்.
நூலளவு நீலம்,
மூன்றாம் கொம்பின் அடியிலிருந்து
கவ்விக்கு இறங்கி, அணைந்து, மறுபடி இறங்கி,
டிக், டிக், டிக்.
மூன்றாவதுக்கான நெருப்பு ஒவ்வொரு முறையும் புறப்பட்டிருக்கிறது.
வாசல் தாண்டவில்லை.

அங்கேயே வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்துவிட்டேன்.
செப்டம்பரில் விக்கல் எந்த சிலிண்டரில் என்று
கேட்கவே இல்லை நான்.
ஒருநாள் இரண்டில், மழையானால் ஐந்தில்,
அது பழைய ஒயர்களின் நோய்.
ஒயரையும் மூடியையும் ஒரே மதியத்தில் மாற்றினேன்.
ஒரு நோய் வெளியேற, அதே வாசலில்
இன்னொன்று உள்ளே வந்தது.
குரல் ஒன்றாயிருந்ததால் பழையது என்றே
மூன்று மாதம் திட்டிக்கொண்டிருந்தேன்.

பழைய மூடியை எறிந்திருக்கவில்லை.
அலமாரியில், கவிழ்த்து, ஆணி போட்டு வைத்திருந்தேன்.
ஆணிகளைக் கொட்டினேன்.
உள்முனைகளைக் கத்தியால் சுரண்டினேன்.
இருட்டிலேயே மாட்டினேன்.

தொக்தோசுனுக்கு விடிந்ததும் போன் செய்தபோது
சிறிது நேரம் பேசவில்லை.
பிறகு, "அந்தக் கெட்டில் எத்தனை லிட்டர்?" என்றான்.

வெள்ளிக்கிழமை கிசில்-பெல்.
மூன்றாம் கியரில் ஏறினோம்.
பின்சீட்டில் யாரும் மூச்சைப் பிடிக்கவில்லை,
யாரோ சூரியகாந்தி விதை கொறித்தார்கள்.
உச்சியில் ஆட்டுமந்தைக்காக நிறுத்தினேன்.
ஐந்து சீரும் குறையாமல்
வண்டி அசையாமல் நின்றது.
பெர்மெத்தின் குழந்தை கண்ணைத் திறந்து பார்த்தது.
என்னையே பார்த்தது.
உதட்டைப் பிதுக்கியது.
அட்-பாஷி வரும்வரை அழுதது.