லு, லா

போர்கெரெவ் துறைமுகம், பிரித்தானிக் கரை.
கறுப்புச் சிப்பி வளர்ப்போர் சங்கத்தின்
பிப்ரவரிக் கூட்டம்.
ஜன்னலுக்கு வெளியே கடல் உள்வாங்கிக் கிடக்கிறது.
சிப்பிக் கயிறு சுற்றிய கம்புகள் மட்டும்
வரிசையாய், ஈரமாய்.

முப்பத்தொன்றுக்கு இருபத்தாறு.
அசெனோர் கெர்பிராத் ஜெயித்துவிட்டாள்.

கைதட்டல் ஓய்ந்ததும்
குறிப்பு எழுதும் தங்கி பேனாவைத் தூக்கிக் கேட்டார்:
"எப்படிப் போடட்டும்?
மதாம் லு பிரெசிதான் என்றா,
மதாம் லா பிரெசிதாந்த் என்றா?"

லு ஆண்பால். லா பெண்பால்.
நடுவில் ஒரு முக்காலி போடவும்
அந்த மொழியில் இடமில்லை.

"பதவிக்கு மீசையும் இல்லை, கொண்டையும் இல்லை,
லு என்றே போடு" என்றார் கிழவர் கோவேக்.
"அப்படியானால் சுவரில் மாட்டும் படத்துக்கும்
மீசை வரைந்துவிடலாம்" என்றாள்
பின்வரிசையில் ரப்பர் பூட்ஸோடு வந்திருந்த சுவாசிக்.
சிரிப்பு. யாரோ கதவைச் சாத்தினார்கள், குளிருக்கு.

அவளுக்கு அந்த லா புதிதல்ல.
புருஷன் மத்துரேன் பத்தொன்பது வருஷம் தலைவர்.
அந்தப் பத்தொன்பது வருஷமும்
ரொட்டிக் கடையில், மீன் ஏலத்தில், மாதா கோயில் வாசலில்
அவள் லா பிரெசிதாந்த்தான்.
நம் பக்கம் டாக்டரம்மா என்றால்
ஊசி போடுகிறவரா, ஊசி போடுகிறவரின் மனைவியா
என்று ஒரு கணம் விழிப்போமே, அந்த மாதிரி.
கூட்டத்துக்குக் கூட்டம்
ஐம்பது கோப்பையில் காபி ஊற்றிய லா.

தமிழில் என்ன எழுதுவது?
தலைவி என்றால் அவள்
நெய்தல் நிலத்தில் காத்திருக்கிறவளாகிவிடுகிறாள்.
இவளோ முப்பது வருஷமாகக்
கடலைக் காக்கவைத்து வேலை வாங்குகிறவள்.

தங்கியின் பேனா இன்னும் அந்தரத்தில்.
"லா போடு" என்றாள் அசெனோர்.
"ஏற்கெனவே வீட்டில் கிடக்கிறது.
பழசுதான். கிழியவில்லை. வீணாவானேன்?"

மூன்றாம் வரிசையில் மத்துரேன் கை தூக்கினார்.
எழுந்தார். வாயைத் திறந்தார்.
கோபத்தில் ஒரு பெயர், காய்ச்சலில் ஒரு பெயர் என்று
அவளை அவர் எத்தனையோ கூப்பிட்டிருக்கிறார்.
"மதாம்…" நின்றுவிட்டார்.
ஐம்பத்தாறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு
அடுத்த எழுத்துக்காக.

"…லா பிரெசிதாந்த்,
கயிறு விலை பற்றிக் கொஞ்சம்."

"இரண்டு நிமிஷம்."

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.
மேலே போய்ப் பாருங்கள்:
கோவேக் சொன்னார், தங்கி கேட்டார்,
மத்துரேன் எழுந்தார்.
யாரும் கேட்காமலே என் கை போட்ட ர்.
அசெனோருக்கு மட்டும் ஜெயித்தாள், என்றாள்.
லு-வும் லா-வும் இல்லாத மொழிக்காரன் என்று
இவ்வளவு நேரம் ஜன்னலோரம் நின்று
வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.
அந்த ஒற்றைப் புள்ளி எழுத்து
என் சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது.

மத்துரேனுக்கு மூன்றாவது நிமிஷமும் முடியவில்லை.
நைலான் கயிறு, தென்னங்கயிறு,
அந்தக் காலத்து விலை, அப்பன் காலத்து விலை.
மணி எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது.
காபிக் கரண்டியால் கோப்பையை இருமுறை தட்டினார்
அசெனோர்.

கம்புகளின் கால் நனையத் தொடங்கியிருந்தது.
இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் படகு இறக்க வேண்டும்.

"உட்காருங்கள், மிஸ்யே கெர்பிராத்.
அடுத்த பொருள்" என்றார்.