பவளந்தின்னி

கொளத்தூரிலிருந்து இரவுப் பேருந்தில்
தெர்மாக்கோல் பெட்டிக்குள் வந்தது.
தர்மபுரியில் இறக்கும்போது நடத்துனர் கேட்டார்,
"ஐஸ்கிரீமா மேடம்?"
பட்டாம்பூச்சி மீன் என்றேன்.
பெட்டியை இன்னும் மெதுவாகக் கொடுத்தார்.

எனக்குத் தண்ணீர் தெரியும்.
பன்னிரண்டு வருடமாகப் பென்னாகரத்து, பாலக்கோட்டு
போர் தண்ணீரைப் புட்டியில் வாங்கி
ஃப்ளூரைடு எவ்வளவென்று எழுதித் தருகிறேன்.
பல்லைப் பார்த்தே ஊரைச் சொல்வேன்.
இந்த வீட்டில் சுத்திகரித்த நீர் மீனுக்கு,
குழாய்த் தண்ணீர் எனக்கு.
மிதவை சரியான கோட்டில் நிற்கும்வரை
கரண்டி கரண்டியாக உப்பைக் கரைத்து
பிடமனேரி மாடியில் ஒரு கடல் செய்தேன்.

அது சாப்பிடவில்லை.
இறால் பொடித்துப் போட்டேன். பார்த்தது.
ஐஸில் வந்த மட்டியைத் திறந்து வைத்தேன். சுற்றிவந்தது.
பூண்டுச் சாறு விட்டால் பசிக்கும் என்றார்கள்,
வீடுதான் நாறியது.
கடைக்காரரைக் கூப்பிட்டால்
"அது உயிரோட இருக்கிற பவளத்தைக் கொத்தித் தின்னுற ரகம்,
வேற எதையும் தொடாது" என்கிறார்,
விற்றபோது இதைச் சொல்லாத அதே வாயால்.
பவளம் கிடைக்குமா என்றதும்
குரலைத் தாழ்த்திச் சட்டம் பேசினார்.

மஞ்சள் வெளுத்தது.
முதுகுச் சதை உள்வாங்கிக்
கத்தி விளிம்பு மாதிரி ஆனது.
அண்ணி குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்,
"வளர்க்கிறவ மாதிரியேதான்.
எதைக் கொண்டாந்து வெச்சாலும் வேணாம்."
போன மாதம்தான்
காவேரிப்பட்டணத்து ஆளை வேண்டாம் என்றிருந்தேன்.
நல்லவர்தான். மிக்சரைக்கூடச் சிந்தாமல் தின்றார்.

ஒன்பதாம் நாள் ராத்திரி கரண்ட் போய்
பம்பு நின்றது.
கையை விட்டுத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.
செல்போன் வெளிச்சத்துக்குள் வந்தது,
என் மோதிர விரல் முன்னால் நின்றது.

செவ்வாய் தோஷத்துக்கு
அரூர் ஜோசியர் சொல்லி
அம்மா போட்டுவிட்ட சிவப்புப் பவளம்.
பத்து வருடமாக ஒரு வேலையும் பார்க்காத கல்.

கொத்தியது.
மறுபடியும்.
சத்தம் காதில் இல்லை, எலும்பில் கேட்டது.
கரண்ட் வந்த பிறகும்
கையை எடுக்கவில்லை நான்.

விடிந்ததும்
தங்கத்தில் செம்பு இருக்கும், மீனுக்கு ஆகாது என்று
ஊசியால் கல்லை மட்டும் நெம்பி எடுத்தேன்.
மட்டிச் சதையை அரைத்து அதன்மேல் பூசி
மணலில் வைத்தேன்.

குழி விழுந்த மோதிரத்தோடு
ஆபீஸ் போய் வருகிறேன்.
அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

நேற்று ஒரு துணுக்கை வாயில் வாங்கி
வெகுநேரம் வைத்திருந்தது.
விழுங்கியதா, துப்பியதா,
ஊதுபாசி மறைத்துவிட்டது.