தவிட்டு நிற வெள்ளிக்கிழமைகள்

ஆர்லென் ஓட்டுவது உறைபீட்ஸா லாரி.
ஓ க்ளேரில் கிளம்பி சுப்பீரியர் வரை
பதினேழு கடைகள்.
வெளியே உறைபனி, உள்ளேயும் உறைபனி,
நடுவில் ஒரு மனிதன், ஒரு ஹீட்டர்.
மூலை நசுங்கிய பெட்டிகளை
வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்பது கம்பெனி விதி.
பதினோரு வருடம்
நசுங்கிய பெட்டிகளைத்தான் தின்றோம்.

நான் மருத்துவமனையின் அடித்தளத்தில்
ரத்தம் பார்க்கிறவள்.
அக்டோபரில் ஒரு குழாய்
மூன்று மாதச் சர்க்கரையை
எட்டு புள்ளி நான்கு என்றது.
யாருடையது என்று பார்க்கக் கூடாது.
பார்த்தேன்.

இரண்டு நாள் வாய் திறக்கவில்லை.
மூன்றாம் நாள் டாக்டர் சொன்னதை
அவனே வந்து சொன்னான்.
அப்போதுதான் கேட்பவள்போல்
கரண்டியைக் கீழே போட்டேன்.

அடுத்த வெள்ளி
முழுக்கோதுமை மாவு ஒரு மூட்டை வாங்கி வந்தான்,
சிமெண்ட் வாங்கி வந்தவன் முகத்தோடு.
வெள்ளை மாவுக்குச் சொன்ன தண்ணீரையே ஊற்றி,
கடிகாரம் பார்த்துப் பிசைந்து,
கடிகாரம் பார்த்துச் சுட்டான்.
வந்தது ஒரு கூரை ஓடு.
வெட்டும் சக்கரம் ஏறியதும்
தவிடுபொடி.
சும்மா சொல்லவில்லை,
தவிடும் இருந்தது, பொடியும் இருந்தது.
நாய் முகர்ந்துவிட்டுத்
தன் கிண்ணத்துக்கே போயிற்று.

இரண்டாம் வெள்ளியைப் பற்றிப் பேச வேண்டாம்.
மேடையிலிருந்து அதை
பனி சுரண்டும் தகட்டால் எடுத்தோம்.

மூன்றாம் வெள்ளி, பாதிப் பிசைவில்,
எதிர்வீட்டு லொரெய்னின் கார் பனியில் புதைந்தது.
மாவுக் கையைக் கையுறைக்குள் திணித்துக்கொண்டு
தள்ளப் போனான்.
திரும்ப முக்கால் மணி நேரம்.
கிண்ணத்தைத் தொட்டவன் நின்றுவிட்டான்.
"மார்லிஸ், இங்கே வா."
காது மடல் போல இருந்தது மாவு.

யாரும் ஒன்றும் செய்யவில்லை.
தவிடு தன்பாட்டில் குடித்திருக்கிறது,
அதன் வேகத்தில்.
அவசரப்படுத்தினால் உள்ளிருந்தே அறுக்குமாம்.
நேரத்துக்குப் போய்ச் சேருவதற்குச்
சம்பளம் வாங்குகிறவன் அதைச் சொல்லி
இரண்டு முறை தலையாட்டிக்கொண்டான்.

காளான், வெங்காயம், கிழித்த கேல் இலை,
வழக்கத்தில் பாதி சீஸ்.
சீஸ் தொழிற்சாலைக்காரன் என் தம்பி டேல்
தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான்.
"விஸ்கான்சினில் இதற்குச் சிறைத்தண்டனை உண்டு" என்றான்.
மூன்று துண்டு தின்றான்.

பெரிய ருசி என்று சொல்ல மாட்டேன்.
ஓரத்தில் கருகிய கொட்டை வாசம்.
மெல்ல நேரம் பிடித்தது.
அந்த நேரத்தில் பேச முடிந்தது.

டேல் போன பிறகு
தட்டைத் துடைத்தபடி கேட்டான்:
"உனக்கு முன்னாலேயே தெரியும், இல்லையா?"
குழாயைத் திறந்துவிட்டேன்.
"பதினோரு வருடத்தில்
நீ கரண்டியைக் கீழே போட்டதே இல்லை."

நசுங்கிய பெட்டி இன்னும் ஒன்று
ஃப்ரீசரில் கிடக்கிறது.
அவனும் எறியவில்லை,
நானும் கேட்கவில்லை.
ஜனவரிக் குழாயை
அடுத்த ஷிஃப்ட்காரியிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.